450 ரக ஆர்சி ஹெலிகாப்டர்: வேலூர் வெயிலுக்கும் புழுதிக்கும் ஏற்ற பராமரிப்பு, செட்டிங் முழு வழிகாட்டி

காட்பாடியிலிருந்து பொன்னை போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால், மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கி முடித்த ஒரு கொல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாங்கள் நாலைந்து பேர் அங்கேதான் ஆர்சி ஹெலிகாப்டர், அதாவது ரிமோட்டில் பறக்கும் சின்ன மாடல் ஹெலிகாப்டர், பறக்கவிடுகிறோம். புதிதாக வருகிற தம்பிகள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அண்ணா, வால் ஒரு பக்கமா இழுக்குது, ஜைரோவுல எந்த செட்டிங்கை மாத்தணும்?"

ஜைரோ என்பது ஹெலி திரும்புவதையும் சாய்வதையும் உணர்ந்து தானாகச் சரிசெய்யும் மின்னணுப் பலகை. நான் ரிமோட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஹெலியை மடியில் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு பாகமாக விரலால் தொட்டு அசைத்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே அகப்பட்டுவிடும். பெல்ட் தளர்ந்திருக்கும், ஷாஃப்ட் லேசாக வளைந்திருக்கும், இல்லையென்றால் பேரிங்கில் மண் ஏறியிருக்கும். இரும்பில் இருக்கிற கோளாறை மெனுவுக்குள் போய் மறைத்தால் அடுத்த வாரம் அது வேறு உருவத்தில் வந்து நிற்கும். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசையே இதுதான்: முதலில் கைவேலை, அப்புறம் ரிமோட், கடைசியில் ஜைரோ.

நான் சொல்லும் அளவுகள் 450 ரகத்துக்கு. அதாவது 325 மி.மீ. மெயின் பிளேடு, மூன்று செல் 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), 120 டிகிரி ஸ்வாஷ் பிளேட்டுக்கு (மெயின் ஷாஃப்டில் ஏறி இறங்கி, சாய்ந்து பிளேடின் கோணத்தை மாற்றும் தட்டு) மூன்று செர்வோ (ரிமோட் சொல்கிறபடி கையை அசைக்கும் சின்ன மோட்டார்), ஃப்ளைபார் (பிளேடுக்குக் குறுக்கே நிற்கும் சமநிலைக் கம்பி) இல்லாத ஹெட், பெல்ட்டில் ஓடும் வால். 500, 600 ரகம் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

தொடங்கும் முன் மோட்டார் வயரைக் கழற்றுங்கள்

மோட்டாரிலிருந்து ஈஎஸ்சிக்கு (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) போகும் மூன்று வயரில் இரண்டைக் கழற்றிவிட்டுத்தான் மேசையில் வேலை. ரிமோட்டில் த்ராட்டில் ஹோல்டு (மோட்டாரை ஓடவிடாமல் நிறுத்தும் சுவிட்ச்) போட்டிருக்கிறேனே என்று நம்பி உட்காராதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ரோட்டரின் விட்டம் சுமார் 70 செ.மீ., அது நிமிடத்துக்கு 2,600 சுற்று சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 340 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. சின்ன மெஷின் என்பதால் அடி சின்னதாக இருக்காது. விரல் போகும், கண் போகும். மெயின் பிளேடு இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள்.

சாமான்கள்: 1.3, 1.5, 2 மி.மீ. ஹெக்ஸ் டிரைவர் (எல் வடிவக் குச்சி வேண்டாம், ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும்), பால் லிங்க் (பந்தின் மேல் மாட்டும் இணைப்பு) கழற்றும் ப்ளையர், பிட்ச் கேஜ் (பிட்ச், அதாவது பிளேடின் கோணத்தை அளப்பது), ஸ்வாஷ் லெவலர், நீல நிற லாக்டைட் 243, ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், லைப்போ செக்கர். இதோடு ஒரு கண்ணாடித் துண்டு வேண்டும். கண்ணாடிக் கடையில் ஓர் அடிக்கு அரை அடி வெட்டித் தரச்சொல்லி, விளிம்பைத் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: புழுதியை எடுப்பது

நம் ஊர்ச் செம்மண் புழுதி மாவு போல நைசானது. அது எண்ணெயோடு சேர்ந்தால் எமரி பேப்பருக்குச் சமம். மெயின் ஷாஃப்டில் ஸ்வாஷ் வழுக்கும் இடத்திலும், வால் பிளேடின் கோணத்தை மாற்றும் ஸ்லைடர் வால் ஷாஃப்டில் ஓடும் இடத்திலும் தாராளமாக எண்ணெய் விட்டு வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து ஃப்ளைட்டில் அங்கே சிவப்பு நிறத்தில் பசை போல ஒன்று சேர்ந்திருக்கும், ஸ்லைடர் ஆட்டம் கண்டிருக்கும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் பழைய எண்ணெயைச் சுத்தமாகத் துடையுங்கள். பிறகு சிலிக்கான் எண்ணெயை விரல் நுனியில் ஒரு பொட்டுத் தொட்டு, ஷாஃப்டில் படிந்தும் படியாததுமாகத் தேய்த்துவிட்டு, மேலே ஒருமுறை காய்ந்த துணியால் துடையுங்கள். அது போதும். கியர் பல்லில் எண்ணெயே வேண்டாம், காய்ந்த பிரஷ் மட்டும்.

கொல்லையில் நேராக மண்ணிலிருந்து கிளப்பாமல், மூன்றடிக்கு மூன்றடி ப்ளைவுட் பலகை ஒன்றைப் போட்டு அதிலிருந்து கிளப்புங்கள். பாதிப் புழுதி அதிலேயே குறைந்துவிடும். பாயோ தார்ப்பாயோ வேண்டாம், ரோட்டர் காற்றில் எழும்பி பிளேடில் சுற்றிக்கொள்ளும்.

இரண்டாவது: ஸ்பிண்டில், மெயின் ஷாஃப்ட், பேரிங்

எல்லாவற்றிலும் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஹெட்டின் இரண்டு பிளேடு கிரிப்பையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பிதான் ஃபெதரிங் ஷாஃப்ட், நாங்கள் ஸ்பிண்டில் என்கிறோம். ஒரு பக்க போல்ட்டைக் கழற்றி அதை வெளியே எடுங்கள். கண்ணாடியைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிராக வைத்து, ஸ்பிண்டிலை அதன் மேல் ஒரே விரலால் மெதுவாக உருட்டுங்கள். கண்ணைக் கண்ணாடி மட்டத்துக்குக் கொண்டுபோய்க் கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பாருங்கள். நேரான கம்பியின் அடியில் கோடு ஒன்றுபோலவே இருக்கும். வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முடி அளவு வெளிச்சம் வந்து வந்து மறையும். உருட்டும் விரலுக்குக்கூட அது லேசாகத் தட்டுவது தெரியும். அந்த முடி அளவுதான் மேலே போனதும் ஹெலி முழுவதையும் உதறவைக்கிறது. வளைந்ததை நிமிர்த்தாதீர்கள், புதிது போடுங்கள். மெயின் ஷாஃப்டுக்கும் இதே சோதனைதான்.

திரும்பப் பூட்டும்போது கிரிப்பின் உள்ளே இருக்கும் த்ரஸ்ட் பேரிங்கைக் கவனியுங்கள். அதில் இரண்டு வாஷர், நடுவில் குண்டுகள். இரண்டு வாஷரும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றின் ஓட்டை கொஞ்சம் பெரியது. பெரிய ஓட்டை வாஷர் ஹெட்டின் மையத்தைப் பார்த்து உள்பக்கம், சின்ன ஓட்டை வாஷர் வெளியே போல்ட் பக்கம். மாற்றிப் போட்டால் கையில் ஆட்டிப் பார்க்கும்போது எதுவும் தெரியாது. சுற்றும்போது பிளேடு வெளியே இழுக்கும் இழுப்பில் கிரிப் இறுகிக்கொள்ளும், செர்வோக்கள் திணறும். கிரீஸ் கொஞ்சமாக, குண்டுகளுக்கு மட்டும்.

பேரிங் விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னவர் அந்தக் கொல்லைக்காரர்தான். நாற்பது வருஷமாகப் பம்ப்செட் ஓட்டுகிறவர். ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தவர், ஹெலி மேலே போனதும் தலையைத் தூக்கினார். "இன்னா நைனா, பேரிங் போவுது, கேக்கலையா உனுக்கு?" என்றார். எனக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. இறக்கினதும் மோட்டார் வயரைக் கழற்றச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஃப்ரேமில் பேரிங் உட்காரும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக்கொண்டு ரோட்டரைக் கையால் சுற்றச் சொன்னார். மேல் பேரிங்கில் சத்தமே இல்லை. கீழ் பேரிங்கில் மணலை அரைப்பது போல 'கறகற' என்று தெளிவாகக் கேட்டது. அன்றிலிருந்து இருபது ஃப்ளைட்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்கிறேன். நீங்களும் செய்யுங்கள். கறகறப்பு கேட்ட பேரிங்குக்கு எண்ணெய் விட்டு ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது: ஸ்க்ரூக்களும் கியரும்

இரும்பு இரும்புக்குள் போகும் ஸ்க்ரூவுக்கு மட்டும்தான் லாக்டைட். மரையில் ஒரு சின்னப் பொட்டு. பிளாஸ்டிக்குக்குள் போகும் ஸ்க்ரூவுக்குப் போட்டால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். பழைய பசை ஒட்டிய மரையை ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்துத்தான் புதிதாகப் போட வேண்டும்.

மோட்டார் பினியனும் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன கியர்) மெயின் கியரும் சேரும் இடத்தில் நோட்டுப் புத்தகத் தாள் ஒரு கீற்றை நடுவில் கொடுத்து, மோட்டாரை நெருக்கி இறுக்குங்கள். பிறகு தாளைச் சுற்றி எடுங்கள். கிழியாமல், பல் பதிந்த மடிப்போடு வந்தால் சரி. மெயின் கியரை முழுதும் ஒரு சுற்றுச் சுற்றி நாலு இடத்திலாவது பாருங்கள், ஏனென்றால் கியர் துல்லியமான வட்டமாக இருப்பது அபூர்வம். மிக இறுக்கமான இடத்திலும் முடி அளவு ஆட்டம் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் பிளாஸ்டிக் கியர் கொஞ்சம் விரியும். ஜனவரிக் குளிரில் சரியாக வைத்தது மே மாதம் பிடித்துக்கொள்ளும். சீசன் மாறும்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான்காவது: செர்வோ, ஸ்வாஷ், பிட்ச்

இப்போது ரிமோட்டையும் ரிசீவரையும் ஆன் செய்யலாம். ட்ரிம், சப்ட்ரிம் (செர்வோவின் நடுநிலையைக் கொஞ்சம் நகர்த்தும் செட்டிங்குகள்) எல்லாம் பூஜ்யத்தில். கலெக்டிவ் குச்சி (ஹெலியை ஏற்றி இறக்கும் குச்சி) நடுவில். மூன்று செர்வோவின் கைகளும் லிங்க் கம்பிக்கு 90 டிகிரியில் நிற்க வேண்டும். செர்வோ தண்டில் பற்கள் இருப்பதால் கை அப்படியே வந்து உட்காராது. கழற்றி வேறு பல்லில் போட்டுப் பாருங்கள், ஒரே பெட்டியில் வரும் இன்னொரு கையையும் மாற்றிப் பாருங்கள். மிக நெருக்கமாக வந்த பிறகு மீதியிருக்கும் ஒன்றிரண்டு டிகிரியை மட்டும் சப்ட்ரிமில் எடுங்கள். சப்ட்ரிமில் ஏகப்பட்டதைத் தின்றால் மேலே போகும் தூரமும் கீழே போகும் தூரமும் ஒன்றாக இருக்காது.

அடுத்து ஸ்வாஷ் லெவலரை மெயின் ஷாஃப்டில் நுழைத்து ஸ்வாஷின் மேல் உட்காரவையுங்கள். மூன்று பக்கமும் இடைவெளியில்லாமல் படிய வேண்டும். படியாத பக்கத்தின் லிங்க்கைச் சுருக்கியோ நீட்டியோ சரிசெய்யுங்கள். பிளாஸ்டிக் பால் லிங்க்குக்கு ஒரு முகம் உண்டு. எழுத்து இருக்கிற பக்கம் எப்போதும் வெளியே பார்க்க வேண்டும், அதனால் முழுச் சுற்றுக் கணக்கில்தான் திருப்ப முடியும். லிங்க் பந்தின் மேல் தன் எடையிலேயே சரிந்து விழுகிற அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும். கையால் தள்ளினால்தான் நகர்கிறது என்றால் ப்ளையரால் வெளியிலிருந்து லேசாக ஒரு அழுத்து.

சரி, இனி பிளேடைப் பூட்டி பிட்ச் பாருங்கள். நடுக்குச்சியில் 0 டிகிரி. இரண்டு பிளேடிலும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஒன்றில் 0, மற்றதில் 1 என்று இருந்தால் இப்போதே லிங்க்கில் சரிசெய்துவிடுங்கள். மேலே முழுசாகத் தள்ளினால் +10 அல்லது +11, கீழே இழுத்தால் அதே அளவு மைனஸ். ஹோவர் (அந்தரத்தில் ஓரிடத்திலேயே நிறுத்துவது) பழகுகிறவர்கள் நார்மல் மோடில் கீழ்ப்பக்கத்தை –3க்குள் வைத்துக்கொள்ளலாம், பதற்றத்தில் குச்சியை இழுத்தாலும் மண்ணில் அறையாது. சைக்ளிக் பிட்சை (ஹெலியைச் சாய்க்கும்போது மாறும் பிளேடு கோணம்) ஒவ்வொரு ஜைரோ கன்ட்ரோலரும் ஒவ்வொரு மாதிரி கேட்கும், சிலது 6 டிகிரி, சிலது 8. உங்கள் கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள். கடைசியாக, குச்சிகளை மூலைக்கு மூலை தள்ளி எங்காவது லிங்க் முட்டுகிறதா, செர்வோ முனகுகிறதா என்று கேளுங்கள்.

ஐந்தாவது: வால்

பெல்ட்டை முன்பக்கத் திறப்பில் விரலால் அழுத்தினால் கொஞ்சம் கொடுத்து உடனே திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் நடுவில் ஒட்டிக்கொள்கிற அளவு தளர்வும் கூடாது, வீணைத் தந்தி போல முறுக்கும் கூடாது. பூமை (வாலைத் தாங்கும் நீளக் குழாய்) கழற்றி மாட்டினவர்கள் பெல்ட்டை முறுக்கும் திசையைக் கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திசை மாறினால் வால் ரோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும், ஹெலி கிளம்பின கணமே பம்பரமாகிவிடும். வறண்ட வெயில் காலத்தில் ரப்பர் பெல்ட் ஓடி ஓடி நிலைமின்சாரம் சேர்க்கும், செர்வோக்கள் திடீர் திடீரென்று துடிக்கும். பெல்ட்டில் சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து, பூமிலிருந்து மோட்டார் உடம்புக்கு ஒரு மெல்லிய வயர் போட்டால் அந்தத் தொல்லை அடங்கும்.

வால் செர்வோவின் கை 90 டிகிரியில் நிற்கும்போது ஸ்லைடர் தன் ஓட்டத்தின் ஏறக்குறைய நடுவில் இருக்க வேண்டும். லிங்க் கம்பியைக் கழற்றி ஸ்லைடரை விரலால் தள்ளிப் பாருங்கள். ஓரத்திலிருந்து ஓரம் வரை எங்கும் பிடிக்கக் கூடாது.

ஆறாவது: ஜைரோ

இதற்கு வர இவ்வளவு தூரம் ஆனது வேண்டுமென்றே. முதலில் திசை சோதனை. ஹெலியைக் கையில் எடுத்து மூக்கை முன்னால் சாய்த்தால் ஸ்வாஷ் பின்பக்கம் சாய வேண்டும். வலப்பக்கம் சாய்த்தால் ஸ்வாஷ் இடப்பக்கம். மூக்கை இடப்பக்கம் திருப்பினால், நீங்கள் ரிமோட்டில் வலது ரட்டர் (மூக்கை வலப்பக்கம் திருப்பும் கட்டளை) கொடுத்தால் ஸ்லைடர் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் போக வேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தாலும் பறக்காதீர்கள். பேட்டரி மாட்டினதும் ஜைரோ தயாராகும் வரை ஹெலியைத் தொடாமல் விடுங்கள். காற்றடித்தால் உடம்பால் மறைத்து நில்லுங்கள்.

அப்புறம் ஜைரோவின் அடியில் இருக்கும் இருபக்க டேப். ஒரு சித்திரை மாதம் என் ஹெலியின் வால் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு ஞாயிறு கெயினை (ஜைரோ எவ்வளவு பலமாகச் சரிசெய்ய வேண்டும் என்ற அளவு) ஏற்றி இறக்கி ஓய்ந்துபோனேன். மூன்றாவது ஞாயிறு ஜைரோவை விரலால் தொட்டேன். கருப்பு நிற ஹெலி பத்து நிமிஷம் வெயிலில் நின்றதில் டேப்பின் பசை இளகி, ஜைரோ பலகை வழுக்குவது போல ஒரு மில்லிமீட்டர் போய் வந்தது. வேலூரில் வெயில் 40 டிகிரி தாண்டுகிற மாதங்களில் டேப்பை மாதம் ஒருமுறை மாற்றிவிடுகிறேன். ஒட்டும் இரண்டு முகத்தையும் ஆல்கஹாலில் துடைத்து, ஒட்டினதும் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். நிழலுக்கு ஒரு வெள்ளைத் துண்டும் எடுத்துப் போங்கள்.

ஏழாவது: பிளேடு சமன், ட்ராக்கிங்

ஒவ்வொரு பிளேடையும் பென்சில் மேல் குறுக்காக வைத்து எந்த இடத்தில் சமநிலை நிற்கிறது என்று குறியுங்கள். இரண்டிலும் ஒரே தூரத்தில் வராவிட்டால் நுனியிலோ அடியிலோ டேப் சுற்றி முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் இரண்டையும் எடை போட்டு, எடை குறைந்த பிளேடின் சமநிலைப் புள்ளியிலேயே டேப் ஒட்டுங்கள். பூட்டும்போது போல்ட் எவ்வளவு இறுக்கம்? ஹெலியைப் பக்கவாட்டில் பிடித்தால் பிளேடு தொங்காமல் நிற்க வேண்டும், லேசாக உலுக்கினால் மடங்க வேண்டும்.

ட்ராக்கிங்குக்கு, அதாவது இரண்டு பிளேடும் ஒரே மட்டத்தில் சுற்றுகிறதா என்று பார்க்க, ஒரு பிளேடு நுனியில் சிவப்பு டேப், மற்றதில் நீலம், ஒரே எடையில். கொல்லையில், கழற்றிய மோட்டார் வயரைத் திரும்ப மாட்டி, ஹெலியைச் சுற்றவிட்டு ஹோவர் நிலையில், பதினைந்து அடிக்குக் குறையாத தூரத்தில் ரோட்டர் மட்டத்துக்குக் கண் வரும்படி குனிந்து பாருங்கள். ஒரே கோடாகத் தெரிந்தால் முடிந்தது. இரண்டு கோடு தெரிந்தால் மேலே ஓடுகிற நிறத்தைக் குறித்துக்கொண்டு, ஹெலியை நிறுத்திப் பேட்டரியைக் கழற்றி, அந்த பிளேடின் லிங்க்கை ஒரு சுற்றுக் குறையுங்கள்.

ஹோவரில் வால் இறக்கையின் விளிம்பைப் பாருங்கள். தெளிவாகத் தெரிந்தால் அதிர்வு இல்லை. விளிம்பு இரட்டையாக மங்கினால் எங்கோ சமனில்லை. ஹெலி முழுவதும் மெதுவாக உதறினால் ஹெட்டிலும் மெயின் பிளேடிலும் தேடுங்கள். பொடியாக, வேகமாக நடுங்கினால் வாலிலும் மோட்டாரிலும் தேடுங்கள். இதெல்லாம் சரியான பிறகுதான் கெயின். வால் வேகமாக ஆடினால் கெயினை ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். திருப்பி நிறுத்தும்போது தொய்வாக நின்றால் ஏற்றுங்கள்.

பேட்டரியும் வெயிலும்

2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 1சி என்றால் 2.2 ஆம்பியர், அதிலேயே சார்ஜ் செய்யுங்கள். செல்லுக்கு 4.2 வோல்ட் முழு சார்ஜ். மண் சட்டியிலோ தரையிலோ, கண் முன்னால். ஐந்தில் ஒரு பங்கு மீதி இருக்கும்படி இறக்கப் பழகுங்கள், தொடக்கத்துக்கு டைமர் 4 நிமிஷம். இரண்டு மூன்று நாள் பறக்கப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள். இறக்கின பேட்டரி சூடு ஆறாமல் மறுபடி சார்ஜ் வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் லைப்போவை வைக்கவே கூடாது. உப்பிப்போன பேட்டரி ஊசியால் குத்திச் சரியாகும் பொருள் இல்லை, அதைக் கழித்துவிட வேண்டும்.

சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதே பிட்சுக்கு ஏற்றம் குறையும், மோட்டாரும் ஈஎஸ்சியும் கூடுதலாக உழைக்கும்.  நாங்கள் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு மூட்டை கட்டிவிடுகிறோம்.

எங்கே பறக்கவிடுவது

கிளம்பும் முன் டிஜிட்டல் ஸ்கை (அரசின் ட்ரோன் இணையதளம்) வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். அப்துல்லாபுரம் விமானத்தளப் பக்கம் வேண்டாம். அரக்கோணம் பக்கத்து நண்பர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: அங்கே இருக்கும் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில்தான் கடற்படையின் ஹெலிகாப்டர் பைலட்டுகள் பயிற்சி பெறுகிறார்கள், உண்மையான ஹெலிகாப்டர்கள் தாழ்வாகப் பறக்கும் வானம் அது. பாலாற்று மணல் விரிப்பு பார்க்க வசதியாகத் தெரிந்தாலும், பொடி மணல் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், மாலையில் ஆட்களும் நடமாடுவார்கள். அறுவடை முடிந்த கொல்லை, உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். ஆடு மேய்க்கிறவர் கொல்லைக்குள் வந்தால் உடனே இறக்கிவிட்டு அவர் போகும்வரை காத்திருங்கள்.

விழுந்துவிட்டால், பார்வைக்கு எதுவும் உடையவில்லை என்றாலும் ஸ்பிண்டிலையும் மெயின் ஷாஃப்டையும் கழற்றிக் கண்ணாடியில் உருட்டாமல் மறுபடி கிளப்பாதீர்கள். தரையில் பட்ட கார்பன் பிளேடை நகத்தால் நுனி முதல் அடி வரை வருடுங்கள். ஓரிடத்தில் நகம் தடுக்கினால், அந்த ஜோடியை அப்படியே எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஜோடியைப் பூட்டுங்கள்.